தட்டில் மிச்சம் வைக்கிறவர்

"குடிச்சா நல்லா பசிக்கும்"னு சொல்றவங்க முதல் ரெண்டு பெக் கதையைத்தான் சொல்றாங்க. வருஷக்கணக்கா தினமும் குடிக்கிறவர் தட்டைப் பாருங்க. நாலு வாய், உடனே கை கழுவிடுவார். வீட்டில் அதை வீம்புன்னு நினைச்சு சண்டை போடுவாங்க. வீம்பு இல்லைங்க, இரைப்பை புண்ணாகி, குமட்டி, உடம்பே சாப்பாட்டை வேண்டாம்ங்குது.

1 கிராம் ஆல்கஹால்ல 7 கலோரி இருக்கு, மாவுச்சத்துல 4தான். அதனால தொப்பை இருக்கும், ஆள் தெம்பாத் தெரிவார். ஆனா அதுல புரதமும் இல்லை, வைட்டமினும் இல்லை. கை கால் மட்டும் மெலிஞ்சுக்கிட்டே வரும்.

எனக்கு ரொம்ப பயம் தர்றது தயமின், அதாவது வைட்டமின் பி1 குறையறதுதான். உள்ளே போறதே கம்மி, போறதையும் குடல் சரியா உறிஞ்சாது, கல்லீரலும் சேர்த்து வைக்காது. திடீர்னு நடை தள்ளாடும், எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியும், பேச்சு குழம்பும். "போதைதான், தூங்கினா சரியாயிடும்"னு படுக்க வெச்சிடுவாங்க. அது வெர்னிக்கேன்னு சொல்ற மூளைப் பாதிப்பா இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் தயமின் ஊசி போடணும். தாமதமானா ஞாபகசக்தியே திரும்பாமப் போகலாம்.

அதுக்காக ஒரே நாள்ல நிறுத்தச் சொல்லி நெருக்காதீங்க. தினமும் நிறைய குடிக்கிறவருக்கு அதுவே வலிப்பைக் கொண்டுவரலாம். முதல்ல டாக்டர், அப்புறம் நிறுத்தறது.