குடும்ப நீதிமன்றக் கட்டுகளில் குழந்தையைத் தேடுவது

பெற்றோர் பிரியும் வழக்குகளில் குழந்தைக்கு என்ன ஆகிறது என்று ஆய்வு செய்ய வருகிறவர்களில் பலர் வழக்குகளை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். எண்ண வேண்டியது குழந்தைகளை. இந்த ஒன்றை ஆரம்பத்திலேயே சரிசெய்யாவிட்டால் பிறகு போடும் சதவீதம் எதுவும் நிற்காது.

தமிழ்நாட்டில் ஒரே குழந்தையின் பெயர் எத்தனை வழக்குக் கட்டுகளில் (வழக்கின் தாள்களைச் சேர்த்து வைத்த கோப்புகளில்) கிடக்கும் என்று பாருங்கள். அப்பா போட்ட விவாகரத்து மனு ஒரு எச்எம்ஓபி (இந்து திருமணச் சட்ட மனு). அம்மா போட்ட ஜீவனாம்ச வழக்கு ஒரு எம்சி. குழந்தையின் காவலுரிமை கேட்டு ஒரு ஜிடபிள்யூஓபி (காப்பாளர் சட்ட மனு). குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இன்னொன்று. அந்தச் சட்டத்தின் 21-வது பிரிவில் அங்கேயும் தற்காலிகக் காவல் கேட்கலாம். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் இருந்தால் ஐந்தாகிவிடும். வழக்குக்கு வழக்கு சிஎன்ஆர் எண் (நீதிமன்றக் கணினிப் பதிவில் வழக்குக்குக் கிடைக்கும் அடையாள எண்) வேறு. குழந்தையை வைத்து இவற்றைக் கோர்க்கும் எண் எதுவும் கிடையாது. ஜிடபிள்யூஓபியை மட்டும் எடுத்தால் இன்னொரு ஓட்டை: இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவில் விவாகரத்து வழக்குக்குள்ளேயே இடைக்கால மனுவாகக் காவல் கேட்கலாம். அந்தக் குழந்தைகள் மொத்தமாக விட்டுப்போவார்கள்.

அதனால் குறிப்புத் தாளில் ஒரு வரிசை ஒரு குழந்தைக்கு. இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு வரிசை. வழக்கு எண்கள் எல்லாம் அந்த வரிசைக்குள் தனித்தனிப் பத்திகளாக வரட்டும். அடையாள எண்ணைக் குலுக்கல் முறையில் கொடுங்கள். பெயரின் முதலெழுத்து, பிறந்த தேதி, ஊர் மூன்றையும் சேர்த்துக் குறியீடு செய்தால் சின்ன ஊரில் யார் பிள்ளை என்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் வேறு கணினியில், பூட்டோடு இருக்க வேண்டும். இது வெறும் நாகரிகம் சார்ந்த விஷயமில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 22-வது பிரிவு இந்த வழக்குகளின் விவரங்களை அச்சிடுவதையே தடுக்கிறது. உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு மட்டும், அதுவும் அனுமதியோடு, விலக்கு. ஆகவே கட்டுகளைப் பார்க்க அனுமதி கேட்கும் கடிதத்திலேயே எந்தெந்த விவரத்தைக் குறிப்பெடுப்பீர்கள், எதை எடுக்க மாட்டீர்கள், எந்த வடிவில் வெளியிடுவீர்கள் என்று எழுதிவிடுங்கள். பொத்தாம்பொதுவாக “ஆய்வுக்காக” என்று எழுதினால் கேள்விமேல் கேள்வி வந்து மாதங்கள் ஓடும்.

அடுத்தது காலம். குழந்தைகளின் இடைக்காலப் பராமரிப்பு, படிப்புச் செலவு மனுக்களை, எதிர்தரப்புக்கு நோட்டீஸ் சார்பானதிலிருந்து, அதாவது கையில் சேர்ந்ததிலிருந்து, முடிந்தவரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் அதே 26-வது பிரிவு. தாக்கலான நாளிலிருந்து கணக்குப் போட்டுவிட்டு நீதிமன்றம் கெடுவைத் தாண்டிவிட்டது என்று எழுதுவது தவறு. தாக்கல் முதல் சார்பு வரை, சார்பு முதல் எதிருரை (எதிர்தரப்பின் பதில்) வரை, எதிருரை முதல் உத்தரவு வரை என்று மூன்றாகப் பிரித்தால்தான் அடைப்பு எங்கே என்று தெரியும். விலாசம் மாறிப்போய் நோட்டீஸ் திரும்பிவருவதும், தாமதம் நீதிபதியின் மேசையில் நடப்பதும் வேறு வேறு நோய்கள். மருந்தும் வேறு.

ஒவ்வொரு விசாரணை நாளிலும் வழக்கில் என்ன நடந்தது என்று நீதிமன்றம் குறித்துவைக்கும் பி டைரியை விரித்தால் வரிகள் இப்படித்தான் இருக்கும்: “எதிருரைக்காக.” “எதிருரைக்காக.” “கடைசி வாய்ப்பு.” “எதிருரைக்காக.” வாய்தா கேட்டது யார் என்று பெரும்பாலும் இருக்காது. இங்கே ஊகித்து நிரப்பாதீர்கள். “பதிவில்லை” என்று ஒரு குறியீடு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை இடத்தில் பதிவில்லை என்பதே சொல்லத்தக்க கண்டுபிடிப்பு. முதல் 10 கட்டுகளை இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்து ஒப்பிடுங்கள். எங்கே மாறுபடுகிறதோ அங்கே உங்கள் வரையறைதான் கோளாறு.

ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் குழந்தையின் வயதை ஆண்டு, மாதமாக எழுதுங்கள். மனு போட்டபோது 4 வயது, உத்தரவு வந்தபோது 7 என்றால், ‘5 வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்’ என்ற 1956-ம் ஆண்டு இந்து இளவர், காப்பாளர் சட்டத்தின் விதி வழக்கு நடக்கும்போதே பொருந்தாமல் போயிருக்கிறது. மூன்று வருடம் ஒருவரிடமே வளர்ந்த பிள்ளையை இனி மாற்றக் கூடாது என்ற வாதமும் அதற்குள் பலமாகிவிடும். தாமதமே தீர்ப்பாகிவிடுகிறது. வழக்கை எண்ணும் ஆய்வில் இது கண்ணில் படாது.

குழந்தையைப் பார்க்கும் உரிமையில் உத்தரவு வேறு, நடப்பு வேறு. “சனிக்கிழமை 10 முதல் 12 வரை” என்று உத்தரவு இருக்கும். உத்தரவை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு இல்லை என்பதால் சந்திப்பு ஒழுங்காக நடந்தது என்று முடிவுகட்ட முடியாது. அலுத்துப்போய் வராமல் விட்ட அப்பாவும் மனு போடுவதில்லை.

1890-ம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின் 17(3) பிரிவு, விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. கட்டில் அதற்கான தடயம் “குழந்தை விசாரிக்கப்பட்டது” என்ற ஒற்றை வரியாக இருக்கலாம். தனியாகவா, அன்று அழைத்துவந்தது யார், முந்தைய வாரம் யாரிடம் இருந்தது? மூன்றுக்கும் பத்தி போடுங்கள். பரஸ்பரச் சம்மத விவாகரத்தில் அந்த ஒரு வரியும் இல்லாமல், கூட்டு மனுவின் ஒரு பாராவில் விஷயம் முடிந்திருக்கலாம்.

பிள்ளைகளிடம் நேரில் பேசுவதாக இருந்தால், வழக்கு முடிந்து, குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 30 நாள் மேல்முறையீட்டுக் கெடுவும் தாண்டிய பிறகே போங்கள். நடக்கும் வழக்கில் உங்கள் குறிப்பேட்டை ஒரு தரப்பு சம்மன் போட்டு வரவழைக்கலாம். மறுக்க ஆய்வாளருக்குத் தனிச் சலுகை கிடையாது. 7 முதல் 12 வயது வரை வாய்மொழி இசைவு, அதற்கு மேல் 18 வரை எழுத்து இசைவு, கூடவே பெற்றோர் ஒப்புதல் என்ற ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின்) 2017 நெறிமுறை நல்ல அளவுகோல். “நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால் போக்சோ 19-வது பிரிவின்படி போலீசிடம் சொல்லியாக வேண்டும். உட்கார்ந்ததும் அதைக் குழந்தைக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடுங்கள்.

அம்மா வேணுமா, அப்பா வேணுமா என்று கேட்கவே கூடாது. அந்தக் கேள்வியை அது ஏற்கெனவே பல வாயிலிருந்து கேட்டிருக்கும். “சனிக்கிழமை வீட்லேர்ந்து எத்தனை மணிக்குக் கிளம்புவே? கூட யார் வருவாங்க? அங்க காத்திருக்கும்போது என்ன பண்ணுவே?” என்று கேளுங்கள்.