திருவிடைமருதூர் வீதியில் ஹாம்பர்க் இரவுகள்

தைப்பூசத் திருவிழாவுக்குத் திருவிடைமருதூர் போகலாம் என்று மாமா சொன்னபோது, அவருக்குச் சாமி கும்பிடும் எண்ணத்தைவிட மேளம் கேட்கும் எண்ணமே அதிகம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. எழுபத்து நான்கு வயதாகும் அவர், கும்பகோணத்து மெல்லிசைக் குழு ஒன்றில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பேஸ் கிட்டார் வாசித்தவர். கல்யாண வரவேற்புகளிலும் திருவிழா மேடைகளிலும் சினிமாப் பாட்டுக்கு வாசித்துச் சம்பாதித்த பணத்தில், அத்தைக்குத் தெரியாமல் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவுடைய இசைத்தட்டுகளை வாங்கிச் சேர்த்தவர். நான் சென்ற ஆண்டு அலுவலக வேலையாக ஜெர்மனிக்குப் போனபோது, ஹாம்பர்க் நகரில் பீட்டில்ஸ் வாசித்த தெருவில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தேன். அதிலிருந்து அவர் கண்ணுக்கு நான் காசிக்குப் போய்வந்த ஆளாகிவிட்டேன். அந்தத் தெருவைப் பற்றி ரயிலில் விரிவாகச் சொல்ல வேண்டும் என்பதே அவர் போட்ட ஒரே நிபந்தனை.

மயிலாடுதுறையில் ஏறிச் சன்னலோரமாக உட்கார்ந்தோம். குத்தாலம் தாண்டியதும் ஒரு வயலில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வயலில் சம்பாக் கதிர் தலை சாய்ந்து அறுப்புக்குக் காத்திருந்தது. நரசிங்கம்பேட்டை வந்தபோது மாமா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். நாகஸ்வரம் செய்யும் ஊர் அது. பழைய வீடுகளில் உத்தரமாகக் கிடந்து நன்றாக உலர்ந்த ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யும் அந்தக் கருவிக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக, சுருதி இறங்கிய நீளமான பாரி நாகஸ்வரத்தை ரங்கநாதன் ஆசாரி உருவாக்கியதும் அங்கேதான். “கருவி மாறினா கச்சேரியே மாறிடும் மாப்ளே” என்று சொல்லியபடி உட்கார்ந்தவர், அங்கிருந்து நேராகப் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியுடைய பேஸ் கிட்டாருக்குத் தாவிவிட்டார். 1961இல் ஹாம்பர்க் கடை ஒன்றில் மெக்கார்ட்னி வாங்கிய ஹாஃப்னர் கிட்டார் அது. வயலின் போல இருபுறமும் ஒரே வடிவில் வளைந்திருந்ததனால், இடது கைக்காரரான அவர் திருப்பிப் பிடித்தாலும் பார்க்க விகாரமாக இல்லை என்பதே அதை அவர் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம். 1972இல் திருட்டுப் போன அந்தக் கிட்டார் மீண்டும் கிடைத்துவிட்டது என்று 2024 பிப்ரவரியில் செய்தி வந்த அன்று, மாமா இரவு பதினொரு மணிக்கு என்னைத் தொலைபேசியில் எழுப்பினார்.

நான் தெருவைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் தொடக்கத்துக்குப் போய்விட்டார். 1957 ஜூலை 6 அன்று லிவர்பூல் நகரத்தின் வூல்ட்டன் பகுதியில், செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்தின் விழா நடந்தது. ஜான் லெனன் என்ற பதினாறு வயதுப் பையன், பள்ளித் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கியிருந்த, பின்னாளில் பீட்டில்ஸ் ஆன ‘குவாரிமென்’ குழு, விழா ஊர்வலத்தில் ஒரு லாரியின் திறந்த பின்பகுதியில் இருந்தபடி வாசித்துக்கொண்டே தெருத்தெருவாகப் போனது. இந்த இடத்தில் மாமா ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நிறுத்துவார். வீதியுலாவில் வாசித்துத்தான் அவர்களும் வந்தார்கள் என்பது அவருக்கு அத்தனை திருப்தி. அன்று மாலை பதினைந்து வயது மெக்கார்ட்னியை ஒரு நண்பன் அறிமுகம் செய்துவைக்க, அவர் கிட்டாரை வாங்கி ஒரு பாட்டை வரி தவறாமல் பாடிக் காட்டியதோடு, சுருதி சேர்க்கவும் தெரிந்தவராக இருந்தார். லெனனோ அதுவரை அம்மா சொல்லிக்கொடுத்த பான்ஜோ முறையில்தான் கிட்டாரைப் பிடித்துக்கொண்டிருந்தார். தன்னைவிடக் கெட்டிக்காரனைச் சேர்த்தால் தன் தலைமை குறையுமே என்று அவர் தயங்கியதும், தயங்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டதும் குழுவின் முதல் நல்ல காரியங்கள். மறு ஆண்டுத் தொடக்கத்தில், பதினைந்து வயதை ஒட்டிய ஜார்ஜ் ஹாரிசன் ஒரு மாடிப் பேருந்தின் மேல்தட்டில் லெனனுக்குக் கிட்டார் வாசித்துக் காட்டிப் பின்னர் குழுவில் இடம் பிடித்தார். ஆடுதுறை வந்தபோது கதை இங்கே இருந்தது.

ஹாம்பர்க் தெருவை நான் சொன்னேன். கிராஸ்ஸ ஃப்ரைஹைட் என்ற அந்தத் தெருவின் முனையில், இசைத்தட்டு போல வட்டமாகத் தளம் போட்டு, ஐந்து பேரின் உருவ வெளிக்கோடுகளை மட்டும் எஃகில் வளைத்து நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே கொஞ்ச தூரம் நடந்தால் இந்திரா கிளப் வரும். 1960 ஆகஸ்ட் 17 அன்று லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன், பேஸ் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப், டிரம்ஸ் வாசித்த பீட் பெஸ்ட் ஆகிய ஐந்து பேரும் முதலில் ஏறிய மேடை அது. அந்தக் காலத்தில் கிளப்பின் அடையாளமாகத் தெருவுக்குக் குறுக்கே ஒரு யானை விளக்கு தொங்கியதாம். இந்திரன் பெயர் என்றால் யானை ஐராவதம்தானே, தாராசுரத்தில் பூஜை செய்த ஐராவதம் அங்கேயும் போயிருக்கிறது என்று மாமா சிரித்தார். பக்கத்துப் பெட்டி அம்மாள் ஒருவர் தலபுராணம் சொல்லுகிறார்கள் என்று நினைத்துக் காது கொடுத்தார்.

இந்திராவில் 48 இரவுகள், அடுத்துக் கைசர்கெல்லரில் 58 இரவுகள். சாதாரண நாளில் நாலரை மணி நேரமும் வார இறுதியில் ஆறு மணி நேரமும் நின்று வாசிக்க வேண்டும். ஒரு சினிமாக் கொட்டகையின் பின்புறம், கழிப்பறைக்குப் பக்கத்தில், வெளிச்சம் இல்லாத அறையில் படுக்கை. மேடையில் சோர்ந்து நின்றால் முதலாளி “மாக் ஷாவ்!” என்று கத்துவார், ஆட்டம் காட்டு என்று பொருள். கையிருப்புப் பாட்டுகள் தீர்ந்துபோனதனால் ஒரே பாட்டைப் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று இழுத்தார்கள். தெரியாத பாட்டுகளை மேடையிலேயே கற்றார்கள். நவம்பரில், பதினெட்டு வயது நிரம்பவில்லை என்று ஹாரிசனை நாட்டைவிட்டு அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் மெக்கார்ட்னியும் பெஸ்ட்டும் வெளியேற்றப்பட்டார்கள். அவமானத்தோடு ஊர் திரும்பிய அதே குழுவை, அந்த டிசம்பரில் லிவர்பூலில் கேட்டவர்கள் ஜெர்மன்காரர்கள் என்றே நினைத்தார்களாம். அந்த அளவுக்கு வாசிப்பு மாறியிருந்தது.

திருவிடைமருதூரில் இறங்கி, சத்திரத்தில் பையை வைத்துவிட்டு, ஒரு கடையில் இட்லி சாப்பிட்டோம். இரவு மகாலிங்கசுவாமி கோயில் வாசலில் பஞ்சமூர்த்திகளும் புறப்பாட்டுக்குத் தயாராக இருந்தார்கள். இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், ஒரு தாளம், சுருதிப் பெட்டி. தவில்காரர்களில் மூத்தவர் வலது கை விரல்களில் கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டி, கட்டைவிரல் கூட்டை மட்டும் ஒருமுறை கழற்றி, நாக்கில் ஈரம் தொட்டு மறுபடியும் அழுத்தினார். நாகஸ்வரக்காரர் சீவாளியை உதட்டில் வைத்து ஊறவிட்டு, ஊசியால் அதன் வாயைச் சிறிது திறந்து, ‘பீ’ என்று ஒரே ஒரு முறை ஊதிப் பார்த்தார். மறுகணம் கம்பீரநாட்டை ராகத்தில், சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி எழுந்தது. சொல் கிடையாது, சாகித்தியம் கிடையாது. காலம் ஏற ஏறத் தவில் அதை நெருக்கிப் பிடிக்கிறது. சுவாமி தோளுக்கு ஏறியபோது மாமா கும்பிடவில்லை. இரண்டாவது தவிலின் இடது கைக் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழ வீதி முனையில் சுவாமி நின்றது; ராகம் தொடங்கியது. ஒரு ராகத்தை அரை மணி நேரம் விரித்தார்கள். மாமாவின் சிறுவயதில் இதே வீதிகளைச் சுற்றிவர விடிந்துவிடுமாம். நடந்துகொண்டே, நின்றுகொண்டே, பனியில், தீவட்டிப் புகையில், கேட்பவர் இருந்தாலும் தூங்கிப்போனாலும் வாசித்தாக வேண்டும். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி அப்படிப்பட்ட இரவுகளில் வளர்ந்த தோடி என்று அவர் சொல்வார். அதையும் ஹாம்பர்க்கையும் அவர் ஒரே தட்டில் வைப்பதை முன்பெல்லாம் வயதானவரின் பிடிவாதம் என்று ஒதுக்கியிருக்கிறேன். அந்த முனையில் நின்றபோதுதான் அவர் சொல்வது பிடிபட்டது. பெரிய நாகஸ்வரம் ஒரு பிடியை எடுத்து முடிக்காமல் விட, சின்ன நாகஸ்வரம் அதைத் திரும்பிப் பாராமலே வாங்கி முடித்தது. ஒத்திகையில் வருகிற காரியம் அல்ல அது. எத்தனையோ வீதிகளில் எத்தனையோ இரவுகளில் சேர்ந்து நடந்த கால்களுக்குத்தான் வரும்.

தவில் பேச்சு வந்தால் மாமா ரிங்கோ ஸ்டாரை விடமாட்டார். ஸ்டார் கைசர்கெல்லரில் வேறொரு லிவர்பூல் குழுவுக்கு வாசித்துக்கொண்டிருந்தவர். பெஸ்ட் வராத நாட்களில் இவர்களுக்கும் கை கொடுத்தவர். 1962 ஆகஸ்டில் பெஸ்ட்டை நீக்கிவிட்டு அவரைச் சேர்த்தார்கள். அதை நேரில் சொல்ல மூவருக்கும் தைரியம் இல்லாமல் மேலாளர் பிரையன் எப்ஸ்டைனைச் சொல்லவைத்தது எனக்கு இன்றும் கசப்பாகத்தான் இருக்கிறது. மாமா அதை மறுக்கமாட்டார். “ஆனா அடி சேரலையே” என்பார். ஸ்டாரும் இடது கைக்காரர். வலது கைக்காரருக்காக அடுக்கிய டிரம்ஸில் அமர்ந்து, திருப்பங்களை இடது கையில் தொடங்கினார். அவருடைய உருட்டல்கள் யாருக்கும் வராத விதமாக ஒரு இழை தயங்கி விழுவது அதனால்தான். 1961இல் சட்கிளிஃப் ஓவியம் படிக்க ஹாம்பர்க்கிலேயே தங்கிவிட, பேஸ் மெக்கார்ட்னியிடம் வந்தது. மறு ஏப்ரலில், இருபத்தோரு வயதில், சட்கிளிஃப் இறந்துபோனார்.

எப்ஸ்டைன் இசைத்தட்டுக் கடை நடத்தியவர். 1961 நவம்பரில் கேவர்ன் என்ற நிலவறை கிளப்பின் மதிய நேர நிகழ்ச்சியில் இவர்களைப் பார்த்து மேலாளரானார். 1962 புத்தாண்டு அன்று டெக்கா நிறுவனத்துக்கு வாசித்துக் காட்டியும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்ட குழுவை, பார்லஃபோன் நிறுவனத்தின் ஜார்ஜ் மார்ட்டின் எடுத்துக்கொண்டார். முதல் இசைத்தட்டு அந்த அக்டோபரில் வந்தது. ஆனால் மாமாவுக்கு உயிர் 1963 பிப்ரவரி 11தான். முதல் ஆல்பத்தின் பத்துப் பாட்டுகளை அந்த ஒரே நாளில் முடித்தார்கள். லெனனுக்குச் சளி; தொண்டை மாத்திரையும் பாலுமாக நாளை ஓட்டி, குரலைக் கிழிக்கும் பாட்டைக் கடைசிக்கு வைத்து, இரவு பத்து மணிக்கு மேல் சட்டையில்லாமல் நின்று ஒரே மூச்சில் பாடினார். ஆறு மணி நேரம் வாசித்துப் பழகியவர்களுக்கு இது இன்னொரு ஹாம்பர்க் இரவு, அவ்வளவுதான்.

தெற்கு வீதியில் திரும்பியபோது ஓர் இடைஞ்சல் வந்தது. ஏதோ ஒரு குழுவினர் போட்டிருந்த மேடையிலிருந்து ஆளுயர ஒலிபெருக்கிகள் சினிமாப் பாட்டை அலறவிட்டுக்கொண்டிருந்தன. சுவாமி பக்கத்தில் வந்தும் நிறுத்தவில்லை. நாகஸ்வரக்காரர் கன்னம் புடைக்க ஊதுவது தெரிந்தது, ஒலி கேட்கவில்லை. தவில்காரர் அவர் விரல்களைப் பார்த்து அடித்தார். “இதுதான் ஷே ஸ்டேடியம்” என்று மாமா என் காதில் கத்தினார்.

1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஏறத்தாழ 7.3 கோடிப் பேர் பார்த்த பிறகு, அவர்கள் போன இடமெல்லாம் கூச்சல்தான். 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் 55,000க்கும் மேற்பட்டோர். விளையாட்டு அறிவிப்புக்காக வைத்திருந்த ஒலிபெருக்கியில் பாடினார்கள். மேடையில் இருந்தவர்களுக்கே தங்கள் ஒலி கேட்கவில்லை. முன்னால் நிற்பவர்களின் இடுப்பும் காலும் அசைவதைப் பார்த்துத்தான் பாட்டில் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடித்தேன் என்று ஸ்டார் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் வாசித்ததோடு சுற்றுப்பயணங்களை விட்டுவிட்டார்கள்.

இதற்கு மேல் எனக்கும் மாமாவுக்கும் ஒத்துவராது. மேடையை விட்டு, ஒலிப்பதிவுக் கூடத்தையே கருவியாக்கிக்கொண்டு செய்த 1967க்குப் பிந்தைய ஆல்பங்களே எனக்கு உச்சம். அவருக்கு அது நான்கு வித்வான்கள் நான்கு அறைகளில் தனித்தனியாகச் சாதகம் செய்தது போல. எப்ஸ்டைன் 1967 ஆகஸ்டில் இறந்தபின் கணக்கு வழக்கும் கசந்தது. நம்மவர்கள் பீட்டில்ஸ் என்றாலே பேசும் 1968 ரிஷிகேசப் பயணத்தை, ஸ்டார் பீன்ஸ் டப்பாக்களைச் சுமந்துகொண்டு வந்து பத்து நாளில் திரும்பிப்போன கதையோடு மாமா முடித்துவிடுவார். ஆனால் 1969 ஜனவரி 30 அன்று லண்டன் அலுவலகத்தின் மொட்டைமாடியில், குளிர்காற்றில், லெனன் காதலியின் கோட்டையும் ஸ்டார் மனைவியின் கோட்டையும் போட்டுக்கொண்டு நிற்க, 42 நிமிடம் வாசித்தார்களே, அதில் இருவரும் சமாதானமாகிவிடுவோம். இரண்டரை ஆண்டு பொதுமேடையே ஏறாதவர்கள். ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாத நாட்களும் இருந்தன. தாளம் விழுந்ததும் ஹாம்பர்க் வந்து நின்றுவிட்டது. 1970 ஏப்ரல் 10 அன்று பிரிவு செய்தித்தாளில் வந்தது.

மாமாவின் குழு பிரிந்ததற்குச் செய்தி எதுவும் வரவில்லை. கேசட் வந்ததில் கேட்க ஆள் குறைந்தார்கள், கீபோர்டு ஒன்றே பேஸையும் டிரம்ஸையும் வாசித்தது, ஒரு வைகாசி முகூர்த்தத்துக்கு அவரைக் கூப்பிடவில்லை.

சுவாமி கோயிலுக்குள் போனபோது மணி ஒன்றரை. தவில்காரர் திண்ணையில் உட்கார்ந்து கூடுகளைக் கழற்றி, ஒரு பழைய வெற்றிலைப் பெட்டியில் விரல் வரிசை மாறாமல் அடுக்கினார். கூடு நீங்கிய விரல்நுனிகள் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. மாமா அவரிடம் எத்தனை வருஷம் என்று கேட்டார். எட்டு வயதிலிருந்து என்று பதில் வந்தது. “காட்டுங்க” என்று அந்தக் கையை வாங்கிப் பார்த்துவிட்டு, தன் இடது கையை விளக்குக்கு நேராக நீட்டினார். நரம்பு அழுத்தி அழுத்தி நான்கு விரலிலும் இருந்த காய்ப்பு எப்போதோ கரைந்து, தோல் குழந்தைக்கு இருப்பது போல மெத்தென்று இருந்தது. தவில்காரர் தொட்டுப் பார்த்து, “என்ன வாசிச்சீங்க ஐயா?” என்றார்.