ஓபிஜி படத்தின் கீழ் மூலைகள்

இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே திரையில் வந்ததும் கண் நேராகப் பல்லுக்குத்தான் போகும். ஞானப்பல் எப்படிக் கிடக்கிறது, வேர் நுனியில் சீழ் கட்டியிருக்கிறதா, எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்ததும் படத்தை மூடிவிடுகிறோம். ஆனால் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்தின் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடம் இரு பக்கக் கீழ் மூலைகளில் விழுகிறது. தமனிச் சுவரின் கொழுப்புப் படிவில் கால்சியமும் சேர்ந்திருந்தால் அங்கே வெள்ளையாகத் தெரியும். ஃப்ரீட்லாண்டர், லாண்டே என்ற ஆய்வாளர்கள் 1981-லேயே இதை எழுதிவிட்டார்கள். இன்னும் பல ரிப்போர்ட்டுகளில் கழுத்தைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை என்பது வருத்தம்தான்.

தாடை மூலையிலிருந்து சுமார் 1.5 முதல் 2.5 செ.மீ. கீழே, சற்றுப் பின்னால், கழுத்தெலும்பின் மூன்றாவது, நான்காவது கணுக்கள் சேரும் மட்டத்தில் தேட வேண்டும். படிவு ஒழுங்கற்ற துணுக்குகளாகச் சிதறியிருக்கும். சிலருக்குச் செங்குத்தான இரு கோடுகளாக இருக்கும்.

குழப்புவது பெரும்பாலும் டிரிட்டிசியஸ் குருத்தெலும்பு. நாக்கின் அடியிலுள்ள ஹயாய்டு எலும்புக்கும் குரல்வளையின் தைராய்டு குருத்தெலும்புக்கும் நடுவே, ஏறக்குறைய அதே மட்டத்தில் கிடக்கும். அதில் கால்சியம் ஏறினால் நெல்மணி போல, வழவழப்பான விளிம்போடு தெரியும். தைராய்டு குருத்தெலும்பின் மேல்கொம்பு, நிணநீர்க் கட்டி, உமிழ்நீர்ச் சுரப்பிக் கல் ஆகியவையும் ஏமாற்றும்.

படம் எடுக்கும்போதே தவறு நேர்வதும் உண்டு. கதிரிலிருந்து தைராய்டு சுரப்பியைக் காக்கும் கழுத்துப்பட்டையை (தைராய்டு காலர்) மாட்டிவிட்டால் அதன் நிழல் கழுத்தை மறைத்துவிடும். குழந்தைகளுக்கான சிறிய அளவில் எடுத்தால் மூலைகளே விழாது. கதிர் கூடினால் அந்த இடம் கறுத்துப்போகும். பிரைட்னஸை ஏற்றிப் பார்த்த பிறகே ஒன்றுமில்லை என்று எழுத வேண்டும்.

அப்படி எழுதினாலும் தமனி சுத்தம் என்று பொருளில்லை. கால்சியம் சேராத மென்படிவு எக்ஸ்ரேயில் தெரியாது. தெரிந்த படிவும் குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று காட்டாது. அதற்கு ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் வேண்டும். இதைத் தேடுவதற்கென்றே ஓபிஜி எடுப்பதும் சரியல்ல. பல்லுக்காக எடுத்த படத்தை முழுதாகப் பார்த்தால் போதும்.

நோயாளியிடம் “அடைப்பு இருக்கிறது” என்று சொல்லிவிடாதீர்கள். “கழுத்து ரத்தக்குழாயில் கால்சியம் படிந்த மாதிரி தெரிகிறது, பொது மருத்துவரிடம் காட்டுங்கள்” என்று சொல்லி, எந்தப் பக்கம் என்று குறித்து, படத்தோடு கடிதம் கொடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், கழுத்தில் முன்பு கதிர்வீச்சுச் சிகிச்சை இருந்தால் அதையும் எழுதுங்கள். கூடவே ஒன்று கேளுங்கள்: சமீபத்தில் ஒரு கண் திடீரென இருண்டதா, கை வலுவிழந்ததா, பேச்சு குழறியதா? இவை பக்கவாதத்தின் அறிகுறிகளாக இருக்கலாம்; சில நிமிடங்களில் சரியாகியிருந்தாலும், ஆம் என்றால் பல் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு உடனே அவசரச் சிகிச்சைக்கு அனுப்புங்கள்.