நிற்கிற காலைப் பாருங்கள்: வீடியோ வழியே டான் துய் பழகுவது எப்படி?

எந்த வீடியோவைப் பார்த்து டான் துய் பழகலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "பத்துத் தடமா, பன்னிரண்டு தடமா?" பாதிப் பேருக்கு அப்படி இரண்டு இருப்பதே தெரியாது. இரண்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துப் பழகி, மூன்றாம் தடத்துக்கு வரும்போது எது எதோடு சேரும் என்று புரியாமல் விழிப்பார்கள்.

டான் துய் வட சீனத்துச் சண்டைக்கலை. கால்தான் அதன் உயிர். முழங்காலை மடக்கி உயர்த்தி, கீழ்க்காலைச் சுண்டிவிடும் நேர் உதை ஒவ்வொரு தடத்திலும் திரும்பத் திரும்ப வரும். தடம் என்பது சில அசைவுகள் சேர்ந்த ஒரு சின்னக் கோவை. அதை இடம், வலம் என்று மாற்றி மாற்றிச் செய்தபடி ஒரே நேர்கோட்டில் போய், திரும்பி, அதே கோட்டில் வர வேண்டும். வீடியோவில் கற்க வசதியான குங்ஃபூ முறை எது என்றால் இதைத்தான் சொல்வேன். மற்ற நீண்ட வரிசைகளில் ஆள் நாலா திசையும் சுழல்வார், நாம் பாதி நேரம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்போம். இங்கே கேமராவை ஓரமாக நிறுத்திவிட்டால் போதும், எல்லாம் பக்கவாட்டில் தெரியும்.

பத்துத் தடம் ஹுய் முஸ்லிம்களின் மரபு. ஷான்டோங், ஹெபெய் மாநிலங்களில் அவர்கள் பழகும் சா சுவான் என்ற பெரிய முறைக்கு இதுதான் அடித்தளம். நான்ஜிங் முதல் பெய்ஜிங் வரை எங்கே தேடினாலும் டான் துய் இஸ்லாமியரின் வாசலிலிருந்து வந்ததுதான் என்று சீனத்தில் ஒரு பழமொழியே உண்டு. ச்சாங்ஜோ ஊரில் 1881ல் பிறந்த வாங் ஸிபிங் இந்த மரபின் பெரிய பெயர். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் சீனச் சண்டைக்கலையைச் செய்துகாட்டப் போன குழுவில் இருந்த ஜாங் வென்குவாங்கும் இந்த வழிக்காரர்தான். பின்னாளில் பெய்ஜிங் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு தலைமுறைக்கே பாடம் எடுத்தவர். வீடியோக்களில் பத்துத் தடத்தைக் கொஞ்சம் ஒழுங்காக, பாடப்புத்தகம் மாதிரிச் செய்கிறவர்களைப் பார்த்தால் அவரது பள்ளியின் தாக்கம் தெரியும்.

பன்னிரண்டு தடத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது ஜிங்வு சங்கம். மலேசியாப் பக்கம் சின் வூ என்போம். 1910ல் ஷாங்ஹாயில் ஹுவோ யுவான்ஜியா என்ற சண்டைக்கலை வீரரின் பெயரை முன்வைத்துத் தொடங்கினார்கள். அவர் அதே வருடம் இறந்துவிட்டார். டான் துய் அவர் கொடுத்ததில்லை, பின்னால் வந்து சேர்ந்த ஜாவ் லியான்ஹே கொண்டுவந்தது. சங்கத்தில் யார் சேர்ந்தாலும் முதலில் பழக வேண்டிய அடிப்படை வரிசை என்று இதை ஆக்கினார்கள். 1920ல் ஐந்து பேர் கொண்ட ஜிங்வு தூதுக்குழு தென்கிழக்கு ஆசியாவுக்கு வந்தது. அதில் சென் ஷிச்சாவ் என்ற பெண்ணும் ஒருவர். அடுத்த ஆண்டே சிலாங்கூரில் சங்கம் தொடங்கியது. கோலாலம்பூரில் குன்றின்மேல் இருக்கும் சின் வூ அரங்கம் 1953ல் கட்டியது. ஆகவே மலேசியாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு தடத்தைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணம் இருக்கிறது. வீடியோவில் பழகியதை என்றாவது ஒருநாள் கொண்டுபோய்க் காட்டித் திருத்திக்கொள்ள ஆள் கிடைப்பார்.

இன்னொன்று. படம் பார்த்துப் பழகுவது ஏதோ கைப்பேசி காலத்துக் கெட்ட பழக்கம் என்று மூத்தவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். அதே ஜிங்வு சங்கம்தான் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே ஒவ்வொரு நிலையையும் புகைப்படம் எடுத்துப் புத்தகமாகப் போட்டது! அவர்களுக்கே அது ஆகாததாகத் தெரியவில்லை.

சரி, வீடியோவுக்கு வருவோம்.

தேடும்போது தமிழிலோ ஆங்கில எழுத்திலோ தேடினால் கிடைப்பது குறைவு. சீன எழுத்தில் தேடுங்கள். முதல் எழுத்தை இரண்டு விதமாக எழுதுவார்கள், உச்சரிப்பு ஒன்றுதான். விக்கிப்பீடியாவிலிருந்து இரண்டையும் நகலெடுத்து வைத்துக்கொண்டு யூடியூபிலும், பிலிபிலி என்ற சீன வீடியோ தளத்திலும் போட்டுப் பாருங்கள். கொட்டும். கொட்டுவதில் முக்கால்வாசி யாரோ மேடையிலோ பூங்காவிலோ செய்துகாட்டியது. நமக்கு வேண்டியது பாடம். பழைய விசிடி காலத்துப் பாட வீடியோக்களுக்கு ஓர் அமைப்பு உண்டு: முதலில் முழு வரிசை, அப்புறம் ஒவ்வொரு அசைவாகப் பிரித்து, அப்புறம் அதே அசைவு முதுகுப்பக்கமிருந்து, கடைசியில் எதிராளியோடு. நிறம் மங்கி, இசை எரிச்சலாக இருந்தாலும் புதியவருக்கு இவைதான் உதவும். பளபளப்பாக எடுத்த இன்றைய குறும்படங்களில் வெட்டி ஒட்டும் வேகத்தில் கால் எங்கே ஊன்றியது என்பதே தெரியாமல் போகிறது.

ஆனால் விசிடிக்கு ஒரு குறை உண்டு. அதில் ஒரு நொடிக்கு 25 சட்டகம்தான், அதாவது 25 தனித்தனிப் படம். ஓர் உதை நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்தால், உங்களுக்குக் கிடைப்பது ஐந்தே படம். மடக்கிய முழங்கால், மங்கலான ஒரு கோடு, நீட்டிய கால், அவ்வளவுதான். இடையில் நடந்ததை வேகத்தைக் குறைத்தாலும் பார்க்க முடியாது, ஏனென்றால் அது பதிவாகவே இல்லை. ஆகவே வரிசையைப் பழைய வீடியோவிலும், உதையை மட்டும் நொடிக்கு 60 சட்டகத்துக்குக் குறையாமல் எடுத்த புதிய வீடியோவிலும் பாருங்கள். கணினியில் யூடியூபை நிறுத்திவிட்டு, கால்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளைத் தட்டினால் ஒவ்வொரு சட்டகமாக முன்னும் பின்னும் நகரும். இந்த ஒன்று எனக்குச் செய்த உதவி பெரிது. பிலிபிலியில் படத்தைக் கண்ணாடிபோல் இடவலம் திருப்பும் வசதி இருக்கிறது. எதிரே நிற்பவரைப் பார்த்துப் பழகும்போது இடது வலது குழம்பாது.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். வீடியோ நல்லதா என்று தீர்மானிக்க, உதைக்கிற காலைப் பார்க்காதீர்கள், நிற்கிற காலைப் பாருங்கள். உதை எவ்வளவு உயரம் போகிறது, எவ்வளவு சத்தமாகக் கால்சட்டை படபடக்கிறது என்பதெல்லாம் கண்ணைக் கட்டும் விஷயங்கள். உதைக்கும்போது நிற்கிற காலின் குதிகால் தரையில் இருக்கிறதா? அந்த முழங்கால் லேசாக மடங்கியிருக்கிறதா, இல்லை விறைத்துவிட்டதா? உதைப்பதற்காக உடம்பு மேலே எழும்புகிறதா? நல்ல டான் துய்யில் தலையின் உயரம் அதிகம் மாறாது. முன்கால் மடங்கி, பின்கால் நீண்டு நிற்கும் வில் நிலையிலிருந்து உதைக்குப் போய், மறுபடி நிலைக்குத் திரும்பும் வரை தலைக்கு மேலே ஒரு கயிறு கட்டியிருந்தாலும் அதில் இடிக்காது. திரையில் தலைக்கு நேராக ஒரு காகிதத் துண்டை ஒட்டிவைத்து வீடியோவை ஓடவிட்டுப் பாருங்கள். பெரிய பெரிய ஆட்கள் என்று நினைத்தவர்களில் சிலர் ஒவ்வொரு உதைக்கும் துள்ளுவது தெரியும்.

உதையின் உயரம் பற்றி ஒரு தகராறு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். பழைய ஹுய் முறையில் உதை தாழ்வானது. முழங்காலுக்குக் கீழே, எதிராளியின் கால் முன்னெலும்பைக் குறிவைத்துப் போகும். இன்று பலர் இடுப்பு உயரத்துக்குச் செய்கிறார்கள், போட்டிக்காரர்கள் அதற்கும் மேலே. எது சரி என்று சண்டை போடாமல், தாழ்வானதில் தொடங்குங்கள் என்பது என் கட்சி. காரணம் மரபுப் பற்று இல்லை. உயர உதைக்கும்போது தொடையின் பின்தசை இழுக்கும், அதை ஈடுகட்ட இடுப்பு முன்னே சரியும், முதுகு வளையும், நிற்கிற குதிகால் எழும்பும். தாழ உதைத்தால் இந்தச் சால்ஜாப்புகளுக்கு இடமில்லை. பிசகு இருந்தால் அப்படியே தெரிந்துவிடும்.

முழங்கால் விஷயத்தில் கவனம். சுண்டும் உதையைக் காற்றில் முழு வேகத்தில் விட்டு, முழங்காலைக் கடைசிவரை அடித்து நீட்டினால் மூட்டுதான் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும். எதிரே மோத எதுவும் இல்லை அல்லவா? முழு நீளத்துக்குச் சற்று முன்னாலேயே நிறுத்தி, தொடையின் பின்தசை அந்த வேகத்தைப் பிடிக்கும்படி பழக வேண்டும். இதை வாயால் சொல்லும் வீடியோக்கள் குறைவு. பயிற்சிக்கு முன் கால் அழுத்தம், நேர்க்கால் வீச்சு என்று சீனப் பள்ளிகளில் செய்யும் தயாரிப்புப் பகுதியைத் தாண்டிவிட்டு நேரே முதல் தடத்துக்குக் குதிக்கிறவர்களுக்குத்தான் தொடை பிடிக்கும். அந்தப் பகுதி தனி வீடியோவாக இருக்கும், பார்க்கச் சலிப்பாகவும் இருக்கும். பார்த்தே ஆக வேண்டும்.

முதல் இரண்டு தடங்களில் தங்குங்கள், அவசரம் வேண்டாம். பத்துத் தடத்தையும் வரிசையாகச் சொல்லும் பழைய பாட்டு ஒன்று உண்டு, அதில் முதல் தடத்தைத் தோளில் சுமக்கும் காவடித்தடியோடு ஒப்பிட்டிருப்பார்கள். குத்து முடிந்த கணத்தில் இரண்டு கையும் முன்னும் பின்னுமாக ஒரே கோட்டில் நிற்க வேண்டும். பின்கை தொங்கிப்போனால் தோள் திரும்பவில்லை என்று பொருள். தோள் திரும்பாத குத்துக்குப் பின் வரும் உதை தடுமாறும். இரண்டாம் தடம் இன்னும் கடினம், ஆனால் இன்னும் இனிமை: ஒரு கை குத்தும் அதே நொடியில் எதிர்ப்பக்கக் கால் உதைக்கும். வலது கால் போனால் இடது கை. நடக்கும்போது இயல்பாகவே கையும் காலும் இப்படி மாறித்தான் போகின்றன, ஆனாலும் வேண்டுமென்றே செய்யச் சொன்னால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். எனக்குக் கை முந்திக்கொண்டே இருந்தது. சத்தத்தை வைத்துச் சரிபார்ப்பது ஒரு வழி. கால்சட்டையின் சத்தமும் சட்டைக் கையின் சத்தமும் ஒன்றாகக் கேட்கிறதா என்று கண்ணை மூடிக் கேளுங்கள். வீடியோவிலும் அதையே செய்யலாம், பின்னணி இசை இல்லாத பதிவாக இருந்தால். மூன்றிலிருந்து பத்து வரை உள்ளதெல்லாம் இந்த இரண்டும் கைகூடினால் வேகமாக வரும்.

சீன மொழி தெரியாவிட்டாலும் விளக்கக் குரலைக் கேட்டுப் பழகலாம். வேண்டிய சொற்கள் கொஞ்சம்தான். ஸுவோ இடது, யோ வலது. கோங் பு என்றால் வில் நிலை, மா பு குதிரை நிலை, பு பு ஒரு காலை நீட்டித் தாழ உட்காரும் நிலை. சோங் சுவான் நேர்க்குத்து, ஜுவான் ஷென் திரும்புதல், ஷோ ஷி முடிக்கும் நிலை. காதில் இவை ஏறிவிட்டால் திரையைப் பார்க்காமலே செய்யலாம். அது முக்கியம், ஏனென்றால் திரையைப் பார்த்துக்கொண்டே செய்தால் கழுத்து எப்போதும் ஒரே பக்கம் திரும்பியிருக்கும். கழுத்து திரும்பினால் தோளும் கூடவே போகும்.

உங்களை நீங்களே படம் எடுங்கள். கைப்பேசியை இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில், நான்கைந்து மீட்டர் தள்ளி வையுங்கள். தலைக்கு மேலிருந்து எடுத்தால் நிலை தாழ்வாக இருப்பதுபோல் ஏமாற்றும். மெதுவேகப் பதிவு இருந்தால் உதைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். எடுத்ததைப் பார்க்கும்போதும் அதே விதிதான், முதலில் நிற்கிற கால்.

வீடியோவால் முடியாதது ஒன்று உண்டு. ஜிங்வு மரபில் இருவர் எதிரெதிரே நின்று செய்யும் டான் துய் வரிசை இருக்கிறது. ஒருவர் உதைக்க, மற்றவர் வாங்கித் திருப்ப வேண்டும். அதில்தான் தூரம் என்றால் என்ன, உதை எங்கே போய் விழ வேண்டும் என்பது புரியும். அதைத் தனியாகத் திரையைப் பார்த்துப் பழகி ஒரு பயனும் இல்லை. பன்னிரண்டு தடமும் வரிசையாக, நிறுத்தாமல் செய்ய வந்தபின் ஓர் ஆசிரியரிடம் போங்கள். வீடியோவில் பழகியது என்று சொல்லத் தயங்க வேண்டாம். நான் போன இடத்தில் சிஃபூ முதல் தடத்தை மட்டும் செய்யச் சொன்னார். பாதியில், உதைத்த காலைக் கீழே இறக்காமல் அப்படியே நிற்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த இன்னொரு மாணவரின் கையைத் திருத்தப் போய்விட்டார். திரும்பி வந்தபோதும் நான் நின்றுகொண்டிருந்தேன். "ரெண்டாவது தடத்தைச் செய்" என்றார்.