ஓடைக்கரைக்கு சால்வியா வேண்டாம் என்றேன்

“மக்ளே, நம்ம ரப்பரும் மரச்சீனிக் கிழங்கும் எந்த ஊருல இருந்து வந்துது?” நாற்றுப் பைக்கு மண் நிரப்பிக்கொண்டே எங்கள் நர்சரி அக்கா கேட்டது இன்னும் என்னை விடவில்லை.

குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறைக்கு மேலே காட்டை ஒட்டி விடுதி கட்டுகிறவர் அப்போதுதான் நர்சரியை விட்டுப் போயிருந்தார். வாசலிலிருந்து ஓடைக்கரை வரை சிவப்பு சால்வியா பூச்செடி கேட்டார். வாசலுக்குத் தருகிறேன், ஓடைப்பக்கம் வேண்டாம் சார், இது பிரேசில் மலைக்காட்டுச் செடி என்றேன். முழு ஆர்டரும் வேறிடத்துக்குப் போய்விட்டது.

செடிமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. துளசிக் குடும்பம், தண்டை விரலால் உருட்டினால் நாலு மூலை தட்டுப்படும். குழல்பூ சீக்கிரம் உதிர்ந்துவிடும். அதைத் தாங்கிய புல்லிவட்டமும் அதே சிவப்பு என்பதால் பூ உதிர்ந்ததே தெரியாது. பூவைப் பிடுங்கி அடியை உறிஞ்சினால் இனிக்கும். அங்கே ஹம்மிங் பறவை குடிக்கிற தேனுக்கு இங்கே தேன்சிட்டு வருகிறது.

அது காடாகப் பரவிவிடுமா? சொந்த ஊரில் 2,000 மீட்டருக்கு மேலே, ஈரக் காற்றில் நெஞ்சுயரம் வளர்வது. நம் மகேந்திரகிரி மலையே 1,700 மீட்டர்கூட இல்லை. நாம் விற்கும் குட்டை ரகம் இந்த வெயிலையும் அடைமழையையும் தாங்கி ஒரு பருவம் நின்றாலே பெரிது. அப்படியானால் நான் எதற்குத் தடுத்தேன்?

உண்ணிச்செடியை (லாண்டனா) நினைத்துத்தான். அதுவும் வெளிநாட்டிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்ததுதான். இன்று காட்டுக்குள் மான் மேய இடமில்லாமல் அடைத்து நிற்கிறது. இதை அக்காவிடம் சொன்னேன். “சரி, பூவுக்கு மட்டும் என்ன தடை? காட்டை வெட்டித்தானே ரப்பர் வச்சாவ?” என்றார். 1876-இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளின் வழி வந்தது நம் ரப்பர். அக்காவின் வீட்டுக்காரர் அதில் பால் வெட்டித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். அந்த முகத்தைப் பார்த்து ரப்பரும் தப்பு என்று எப்படிச் சொல்வது? தப்பு என்று நினைக்கிறேனா என்பதே தெளிவாக இல்லை. ரப்பரில் நாலு குடும்பம் பிழைக்கிறது, ஓடைக்கரைப் பூவில் யாருக்கு என்ன என்று ஒரு நேரம் தோன்றும். அப்புறம், பெரியதை விட்டுவிட்டுச் சின்னதைப் பிடித்தேனே என்றும் தோன்றும்.

போன வாரம் வேறொருவர் சால்வியா வாங்கினார். ஓடைப்பக்கம் வைக்காதீங்க என்றேன். தலையாட்டினார், ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்ணிச்செடியைத்தான் சொல்லியிருப்பேன். ரப்பரைப் பற்றி வாய் திறந்திருக்க மாட்டேன்.