“கருத்துத் தெரிவித்தார்” என்று எழுதிய நாள்

திருகோணமலை மாவட்டத்தின் கரையோரப் பிரதேச சபை ஒன்றில் சனசமூக அபிவிருத்தி உத்தியோகத்தராக நான் கடமையேற்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கச்சான் காற்று அனலாய் வீசிய ஓர் ஆவணி மாதப் பிற்பகலில், பாலர் பாடசாலை மண்டபமொன்றில், அந்தக் கிராமத்துக்கு வடிகான் அமைப்பது பற்றிய கூட்டம் நடந்தது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வரைபடத்தை விரித்து விளக்கி முடித்ததும் பின்வரிசையிலிருந்து வயதான கமக்காரர் ஒருவர் எழுந்தார். “பிள்ளை, மாரிக்குத் தண்ணி றோட்டுப் பக்கத்தால வாறதில்ல. களப்புப் பக்கத்தாலதான் ஏறி வரும். கானை அங்கால சரிச்சுக் கட்டினா, வாற தண்ணி வீட்டுக்குள்ளதான் நிக்கும்” என்றார். கூட்டக் குறிப்பேடு என் மடியில் இருந்தது. “வடிகானின் சரிவு தொடர்பாகப் பிரதேசவாசி ஒருவர் கருத்துத் தெரிவித்தார்” என்று அதில் எழுதினேன்.

வடிகான் அளந்தபடியே கட்டப்பட்டது. மார்கழி மழையில் களப்பு நிறைந்தபோது, அந்தக் கான் வழியாகவே தண்ணீர் மேலேறி வந்து 11 வீடுகளுக்குள்ளும், நாங்கள் கூட்டம் நடத்திய அதே மண்டபத்துக்குள்ளும் புகுந்தது. முழங்காலளவு தண்ணீரில் நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது, அந்தப் பெரியவர் நெல்மூட்டைகளைக் கட்டிலின் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் என்னை ஏசவில்லை. “அண்டைக்கு எழுதினீங்கதானே பிள்ளை?” என்று மட்டும் கேட்டார்.

எழுதினேன்தான். ஆனால் அவர் சொன்னதை எழுதவில்லை. அவர் பேசினார் என்பதை மட்டுமே எழுதியிருந்தேன். அந்த வசனத்தைப் படித்த எவருக்கும் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது விளங்கியிருக்காது. மக்கள் பங்கேற்பு என்ற தலைப்பின் கீழ் அந்தக் கூட்டத்தின் வரவுப் பதிவேடும் புகைப்படங்களும் கோப்பில் ஒழுங்காக இருந்தன. வேலையின் செலவையும் அளவுகளையும் குறிக்கும் மதிப்பீட்டுத் தாளுக்குப் போய்ச் சேரவேண்டிய செய்தி மட்டும் என் பேனா முனையிலேயே நின்றுவிட்டது. அதிகாரப் பரவலாக்கம் எங்கே அறுந்துபோகிறது என்று யாராவது கேட்டால், கொழும்பையும் மாகாணத்தையும் சொல்வதற்கு முன் அந்த ஒற்றை வசனத்தைத்தான் நான் காட்டுவேன்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தை நான் பரீட்சைக்காகப் படித்திருந்தேன். நிர்வாக, அபிவிருத்தி நடவடிக்கைகள் தொடர்பான தீர்மானங்களில் மக்கள் பயனுறுதியுடன் பங்குபற்றுவதற்குக் கூடிய வாய்ப்பளிக்கவே இச்சபைகள் நிறுவப்படுகின்றன என்று அதன் முகவுரையே கூறுகின்றது. சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத பிரதேசவாசிகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பதும் அச்சட்டத்தில் உள்ளது. இந்த ஏற்பாட்டைப் பற்றி ஊரில் நான் சொன்னபோது அதைப் புதினமாகக் கேட்டவர்களே அதிகம். சில உறுப்பினர்களும் அவ்வாறே கேட்டார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

வயதானவர்கள் பிரதேச சபையை இன்றும் சிலவேளை “கிராமச் சபை” என்றே சொல்வார்கள். அது வெறும் வாய்ப்பழக்கம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். 1871ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தில் வேர்கொண்ட கிராமச் சபைகள், 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாவட்ட அபிவிருத்திச் சபைகளுக்கு இடம்விட்டு இல்லாமற் போயின. அவற்றில் வட்டாரத்துக்கு ஒருவர் இருந்தார். அவருடைய வீட்டுப் படலை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பிரதேச சபைகள் வந்தபோது பிரதேசம் முழுவதும் ஒரே தொகுதியாகி, கட்சிகள் பெற்ற வாக்குகளின் விகிதப்படி, அதாவது விகிதாசார முறையில், உறுப்பினர்கள் தெரிவானார்கள். பல உறுப்பினர்கள் இருந்தும், “எங்கட மெம்பர்” என்று ஒரு சிற்றூர் கைகாட்டக்கூடியவர் இல்லாத காலம் அது. 2018 பெப்ரவரி 10இல் நடந்த தேர்தலில்தான் 60 வீதம் வட்டாரம், 40 வீதம் விகிதாசாரம் என்ற கலப்பு முறையினூடாக வட்டாரம் திரும்பி வந்தது. முதியவர்கள் கிராமச் சபையை நினைத்து ஏங்கியது கதவைத் தட்டக்கூடிய ஒரு வீட்டுக்காகவே என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வெள்ளத்துக்குப் பின் சபையின் செயலாளரிடம் அனுமதி கேட்டு, கூட்டக் குறிப்பேட்டில் மூன்று நிரல்கள் கோடிட்டேன். கேட்டவர் தம் வாயால் சொன்னது முதலாவது. அதற்குச் சபை செய்தது இரண்டாவது. செய்யவில்லையாயின் அதற்கான காரணம் மூன்றாவது. அடுத்த கூட்டத்தை மங்கள விளக்கோடும் வரவேற்புரையோடும் தொடங்காமல், சென்ற கூட்டத்தின் மூன்றாவது நிரலை வாசித்துத் தொடங்கினேன். 23 கோரிக்கைகளில் 16க்கு “இயலவில்லை” என்பதே விடையாக இருந்தது. சனம் எழுந்து போய்விடும் என்று உள்ளூரப் பயந்தேன். ஒருவரும் எழுந்து போகவில்லை. கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டும்போது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி என் அருகில் வந்து, “இல்லையெண்டு சொல்லவும் ஆக்கள் வரவேணும்தானே மிஸ், இவ்வளவு காலமும் அதுவும் வரேல்ல” என்றார். பங்கேற்பு என்பது மக்களைக் கூட்டி வைப்பதல்ல, அவர்களிடம் திரும்பிப் போவது என்பதை எந்தப் பயிற்சிப்பட்டறையிலும் நான் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

திரும்பிப் போகத் தொடங்கிய பிறகே, யார் கூட்டத்துக்கு வருவதில்லை என்பதும் கண்ணிற் பட்டது. மாலை 4 மணிக் கூட்டங்களில் ஆண்களே பேசினார்கள். கொங்கிரீட் வீதி, விளையாட்டு மைதானம், பஸ் தரிப்பிடம் என்பனவே அவர்களின் கோரிக்கைகள். நேரத்தைக் காலை 10 மணிக்கு மாற்றி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரக்கூடிய பெண்களை அழைத்தோம். சீமெந்துத் தரையில் சோக்கட்டியால் ஊரை வரையச் சொன்னபோது, அவர்கள் பிரதான வீதியை ஒரே இழுப்பில் முடித்துவிட்டு, பொதுக் குழாயடிக்குப் போகும் ஒழுங்கையையும், பின்னேர வகுப்பு முடிந்து பெண்பிள்ளைகள் நடந்து வரும் பாதையையும் வளைவு வளைவாக வரைந்தார்கள். விளக்கில்லாத இடங்களில் ஒவ்வொரு கல்லை வைத்தார்கள். மூன்று கற்கள். சபையின் தெருவிளக்குப் பதிவேட்டில் விளக்குகள் வீதிப் பெயர்களின் கீழ் எழுதப்பட்டிருந்தன. பெயரே இல்லாத அந்த ஒழுங்கைகள் பதிவேட்டில் இருக்கவில்லை. மின்கம்பம் மின்சார சபையுடையது, விளக்கைப் பொருத்திப் பராமரிப்பது உள்ளூராட்சி மன்றத்தின் வேலை என்று விளக்கியதும், தாங்களே கம்பங்களின் இலக்கங்களைக் குறித்துக்கொண்டு வந்து தந்தார்கள். மூன்று விளக்குகளும் ஒரே மாதத்தில் எரிந்தன. என் சேவைக்காலத்தில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு நன்றியைச் சபை வேறெதற்கும் பெற்றதில்லை.

2018க்கு முன் நாடளாவிய ரீதியில் உள்ளூராட்சி உறுப்பினர்களில் பெண்கள் நூற்றுக்கு இருவர் அளவிலேயே இருந்தனர். 25 வீத ஒதுக்கீட்டால் ஒரே தேர்தலில் அது 20 வீதத்தைத் தாண்டியது. முதன்முறையாக வந்த பெண் உறுப்பினர்கள் சபை அமர்வுக்கான விதிகளாகிய நிலையியற் கட்டளைகளைப் படித்துப் பேசப் பழகுவதற்குச் சில மாதங்கள் எடுத்தன. சில ஆண் உறுப்பினர்கள் அந்த அவகாசத்தைக் கொடுக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம். ஆயினும் அலுவலக வாசலில் மாற்றம் உடனேயே தெரிந்தது. அதுவரை கணவனையோ சகோதரனையோ அனுப்பிய பெண்கள், மலக்குழி பவுசருக்கும் கழிவகற்றலுக்கும் தாங்களே வந்து நின்றார்கள்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. பாதீட்டு வரைவை, அதாவது சபையின் வரவு செலவுத் திட்ட வரைவை, மக்கள் பார்வைக்கென அலுவலகத்தில் வைப்பது வழக்கம். பார்வையிட வந்தவர்கள் கையொப்பமிடும் கொப்பியை ஒருநாள் புரட்டினேன். தொடர்ந்து பல ஆண்டுகளுக்கு வெற்றுப் பக்கங்கள். மக்களுக்கு அக்கறையில்லை என்று அலுவலகத்தில் சொல்லிக்கொண்டோம். பாதீடோ நிரல் நிரலாகச் செலவினக் குறியீடுகளால் ஆனது. கணக்கியல் படித்தவர்க்கே அது தலைசுற்றும். அடுத்த ஆண்டு அதை ஒரே தாளில், பெரிய எழுத்தில், எங்கிருந்து வருகிறது, எதற்குப் போகிறது என்று எழுதி, கோயில் மடத்திலும் பள்ளிவாசல் முன்றலிலும் மீன் சந்தையிலும் ஒட்டினோம். அந்த வாரம் தொலைபேசி ஓயவில்லை.

மக்களை ஆச்சரியப்படுத்தியது வரவுப் பக்கமே. ஆதன வரி, வியாபார உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை ஆகியவற்றோடு, காணி கைமாறும்போது கட்டும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணத்தின் ஊடாகச் சபைக்கு வந்துசேரவேண்டிய வருமானங்கள் என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. “அப்ப இது எங்கட காசுதான்” என்று ஒரு மீனவச் சங்கத் தலைவர் மெதுவாகச் சொன்னார். அதுவரை எங்களிடம் “தாருங்கள்” என்று கேட்டவர், அன்றிலிருந்து “எவ்வளவு இருக்கிறது, எதற்கு வைத்திருக்கிறீர்கள்” என்று கேட்கத் தொடங்கினார். முழு ஆண்டுக்கான வரியையும் ஜனவரி 31க்கு முன் செலுத்தினால் 10 வீதக் கழிவு உண்டு என்பதையும் அத்தாளில் எழுதியிருந்தோம். ஜனவரிக் கடைசியில் காசாளரின் யன்னலுக்கு முன் வரிசை நின்றதை அங்கே முதன்முறையாகக் கண்டேன்.

கேரளத்தில் 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 வீதம் வரை உள்ளூராட்சி அமைப்புகளுக்கென ஒதுக்கினார்கள். கையில் எவ்வளவு இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்த பிறகுதான், அங்கே வாக்காளர் அனைவரும் கூடும் கிராம சபைகளில் மக்கள் முன்னுரிமை பற்றிப் பேசினார்கள். எங்கள் கூட்டங்களோ பெரும்பாலும் இதற்கு மறுதலை: முதலில் கோரிக்கைகளை வாங்குவோம், பின்னர் நிதி வரும் வழியைப் பார்ப்போம். இதனால் கோரிக்கைகள் நீண்டுகொண்டே போகும். நம்பிக்கை குறைந்துகொண்டே வரும்.

அதிகாரம் பல இடங்களில் சிதறிக் கிடப்பதையும் அதிகாரப் பரவலாக்கம் என்றே சிலர் எண்ணுகிறார்கள். ஒரு பள்ளத்தைக் காட்டி முறையிட வருபவரிடம், ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தர வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்கு, எஞ்சியவையே எமக்கு என்று சொல்லும்போது அவர் முகத்தில் தெரியும் களைப்பை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். அவருக்கு அது ஒரே வீதி. இப்போது முறைப்பாட்டை நாங்களே எழுதி உரிய இடத்துக்கு அனுப்பி, பிரதியை அவர் கையில் கொடுக்கிறோம்.

மொழியும் அப்படித்தான். வடக்குக் கிழக்கின் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பு சொல்லியிருக்க, என் மேசைக்கு வரும் சுற்றறிக்கைகளிற் பல முதலில் சிங்களத்தில் வருகின்றன. மதிப்பீடுகள் ஆங்கிலத்தில் தயாராகின்றன. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூவினமும் அயலயலாக வாழும் இம்மாவட்டத்தில், மதிப்பீட்டின் சுருக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் வேலைத்தளத்தில் எழுதி வைப்பது அழகுக்காக அல்ல. வாசிக்க முடிந்தவர்தான் தட்டிக்கேட்க முடியும்.

மேலே மாகாணத்தின் நிலையும் நன்றாக இல்லை. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி உள்ளூராட்சி மாகாணத்துக்குரிய விடயம். ஆனால் கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்தபின் தெரிவுசெய்யப்பட்ட சபை அங்கே இல்லை. மாகாணத் தலைமையிடம் திருகோணமலையிலேயே இருந்தும், எங்கள் முறையீட்டைக் கேட்டு, வாக்களித்த மக்களுக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் அந்த மாடியில் இல்லை.

பின்னர் எங்கள் மாடியும் வெறுமையானது. 2023 மார்ச் 19இல் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. அம்மாதம் 9ஆம் திகதி நடக்கவேண்டியிருந்த வாக்களிப்பு, நிதியில்லை என்ற காரணத்தால் ஏற்கெனவே பிற்போடப்பட்டிருந்தது. தேர்தல் நடத்தப்படாமையால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதென 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்குப் பதிய 2025 மே 6 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் செயலாளரின் பொறுப்பில் குப்பை அள்ளப்பட்டது, விளக்குகள் எரிந்தன, சம்பளம் கிடைத்தது. சில வேலைகள் இழுபறியின்றி விரைவாகவும் முடிந்தன. “உறுப்பினர்கள் இல்லாததே நல்லது” என்று சில சக உத்தியோகத்தர்கள் சொல்லவும் கேட்டேன். நான் அதை ஏற்கவில்லை. என் குறிப்பேட்டின் மூன்றாவது நிரல் அக்காலத்தில் நிரம்பவில்லை. ஏன் செய்யவில்லை என்று சபையில் எழுந்து கேட்க எவருமில்லாதபோது காரணம் எழுதவேண்டிய அவசியம் அலுவலகத்துக்கு இருப்பதில்லை. நானும் அந்தச் சோம்பலுக்குப் பழகிக்கொண்டிருந்தேன் என்பதே என்னை அதிகம் பயமுறுத்தியது.

பழைய வடிகானை உடைத்துச் சரிவை மாற்றிக் கட்டுவதற்கு அன்று இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அதன் பின் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம்: மாரியில் தண்ணீர் நின்ற உயரத்தை, அது வடிவதற்குள் ஊரவர்களே மதகுகளிலும் மதில்களிலும் சிவப்புப் பெயின்ற்றால் கோடிட்டு வைப்பார்கள், அக்கோடுகளைப் பார்க்காமல் எந்த வடிகானுக்கும் மதிப்பீடு எழுதுவதில்லை.

2025இல் புதிய சபை வந்தபின், ஐப்பசியின் முதல் மழை பெய்து விட்டிருந்த ஒரு காலையில், வட்டார உறுப்பினரும் புதிதாக இணைந்த இளம் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் நானும் அதே கிராமத்தின் கிழக்குப் பக்கத்துக்குப் போனோம். முழங்கால் வருத்தத்தால் அந்தப் பெரியவரால் இப்போது அதிகம் நடக்க முடியாது. மதகுக் கட்டில் அமர்ந்தபடி கைத்தடியால் காட்டினார். தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளவு நாடாவைச் சிவப்புக் கோட்டிலிருந்து தரைக்குப் பிடித்தார். “தண்ணி களப்புப் பக்கத்தால ஏறி, இந்த மதகடியில திரும்பி, கிழக்க போகும். மண்ணைத் தோண்டினா நீங்களே பாப்பீங்க, அடியில மணல்” என்றார் பெரியவர். கொப்பியை மதகின் மேல் விரித்து, ஒரு சொல்லும் மாற்றாமல் அதை முதலாவது நிரலில் எழுதினேன். பெரியவர் எட்டிப் பார்த்து, எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “மணல் எண்டதையும் போட்டிருக்கிறீங்க” என்றார். தொழில்நுட்ப உத்தியோகத்தர் பேனாவை வாங்கி, அதன் கீழே திகதியிட்டு ஒப்பமிட்டார்.