ஊன்றாத கை

மகளுக்கு முதுகில் ஆபரேஷன் என்றதும் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "அப்புறம் நடந்துடுவாளா?" நடக்க மாட்டாள். நடப்பதற்காக அதைச் செய்யவும் இல்லை.

ஸ்பைனா பிஃபிடாவோடு பிறந்தவள். முதுகெலும்பின் பின்பக்கம் மூடாததால், முதுகை நிமிர்த்திப் பிடிக்க வேண்டிய தசைகளே முன்பக்கம் விலகிப்போய் எலும்பை வளைக்க ஆரம்பித்தன. பெல்ட்டுக்கு அடங்குகிற வளைவு இல்லை அது. எட்டு வயதில் முஷ்டி அளவுக்குக் கூன். அதன் உச்சியில் தோல் காகிதம் போல மெலிந்து கிடந்தது.

அங்கே ஒரு புண். சக்கர நாற்காலியின் சாய்மானம் உரசி வந்தது. அவளுக்கு அந்த இடத்தில் உணர்ச்சி கிடையாது, வலிக்கிறது என்று சொல்லவே மாட்டாள். சட்டையில் ஒட்டியிருக்கும் ஈரத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். ஆறும், மறுபடி உடையும். கிருமி எலும்புக்குப் போய்விடுமோ என்ற பயத்தில்தான் கடைசியில் சம்மதித்தேன்.

கைஃபெக்டமி என்பார்கள். வளைவின் உச்சியிலுள்ள முள்ளெலும்புகளை எடுத்துவிட்டு, மேலேயும் கீழேயும் உள்ளதைச் சேர்த்து, இடுப்பெலும்பு வரை கம்பி வைத்து இறுக்குவது. ஷாரார்ட் என்ற பிரிட்டிஷ் டாக்டர் 1968-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். எனக்குப் புதிதாக இருந்தது ஷன்ட் விஷயம்தான். ஷன்ட் என்பது மூளையில் சேரும் நீரை வடிக்க வைத்திருக்கும் குழாய். ஆபரேஷனின்போது வேலை செய்யாத தண்டுவடத்தை அந்த இடத்தில் கட்டி மூட வேண்டி வரலாம். அந்த நேரம் தலையிலுள்ள ஷன்ட் அடைத்திருந்தால் மூளையில் நீரழுத்தம் ஏறிவிடும். அதனால் முதலில் ஷன்ட்டைத்தான் பரிசோதித்தார்கள். இந்த ஆபரேஷனுக்குத் தயாராகும் அம்மாக்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள். லேடெக்ஸ் கையுறை கூடாது என்பதையும் ஒருமுறைக்கு இருமுறை சொல்லுங்கள், இந்தக் குழந்தைகள் பலருக்கு அது அலர்ஜி.

ஆபரேஷன் முடிந்தும் நிம்மதி இல்லை. தையலின் ஒரு ஓரம் பிரிந்து, ஆற வாரக்கணக்கானது. தினமும் கட்டுப் பிரிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

முன்பெல்லாம் இடது கையை ஊன்றினால்தான் உட்கார முடியும். எடுத்தால் சாய்ந்துவிடுவாள். படம் வரையும்போது தாள் நழுவும், முழங்கையை நீட்டி அழுத்தப் பார்ப்பாள். இப்போது இடது கை தாளைப் பிடித்துக்கொள்கிறது. வயிறு மடங்காததால் சாப்பாடும் கொஞ்சம் கூடுதலாக இறங்குகிறது.

நேற்று நகம் வெட்டும்போது பார்த்தேன். இத்தனை வருஷம் ஊன்றி ஊன்றிக் காய்த்துப்போயிருந்த அந்த உள்ளங்கையில் தோல் உரிந்து, அடியில் இளஞ்சிவப்பாக இருந்தது.